சூலூரிலிருந்து இருபத்தேழு நிமிடம்

கார்த்திகை பிறந்துவிட்டால் ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்தில் காலையில் எழுந்ததும் கொல்லிமலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். உச்சிவரை மலை தெளிவாகத் தெரிந்தால் சேகோ ஆலைக்காரர்கள் மாவைக் களத்தில் பரப்பிவிடலாம். பாதி மலைக்கு மேல் வெள்ளையாக மூடிக் கிடந்தால் தார்ப்பாய் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சேலத்துக்காரர்களுக்குச் சேர்வராயன் மலை. ஆத்தூர்க்காரர்களுக்குக் கல்வராயன் மலையும் பச்சைமலையும். வானிலையைக் கைப்பேசியில் பார்க்கும் காலம் வந்த பிறகும் இந்தப் பழக்கம் முழுதாக விட்டுப்போகவில்லை.

அந்த மேகத்தைக் கொண்டுவருவது கொண்டல். வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு கிழக்கிலிருந்து புறப்படும் காற்று சேலம், நாமக்கல் சமவெளியைக் கடந்து, ஈரோடு, கோவை வழியாக மேற்கே போய் நீலகிரியின் கிழக்குச் சரிவில் முட்டுகிறது. குன்னூரும் கோத்தகிரியும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஜூன், ஜூலையில் கூடலூரிலும் அவலாஞ்சியிலும் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழையில் குன்னூருக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். அந்த ஊரின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. 2009 நவம்பரில் குன்னூருக்கு அருகிலுள்ள கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியதும், மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதும் இந்தப் பருவத்தில்தான்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். குன்னூர் ரயில் நிலையம் 1,700 மீட்டருக்கு மேல். காற்று நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஒரு டிகிரி குளிரும். ஈரக் காற்றாக இருந்தால் அது பாதி வழியிலேயே மேகமாகத் திரண்டுவிடும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவது வளைவுக்கு மேல் பத்தடி தள்ளி நிற்கும் மரம்கூடத் தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம். பள்ளத்தாக்கில் காற்று சற்றே திசை மாறினாலும் மூட்டம் ஐந்து நிமிடத்தில் வரும், ஐந்து நிமிடத்தில் போகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லாரி ஏற்றுகிறவர்களுக்கு இது பாடம் நடத்தித் தெரிய வேண்டிய சங்கதியில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரமாக நிறுத்திவிடுவார்கள்.

2021 டிசம்பர் 8, புதன்கிழமை. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதலாகப் பெய்திருந்தது. மலையும் காற்றும் ஈரத்தில் ஊறிக் கிடந்தன. இந்தியாவின் முதல் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தும் அவர் மனைவி மதுலிகாவும் தில்லியிலிருந்து விமானப்படை விமானத்தில் வந்து 11.34 அளவில் கோவையை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்தில் இறங்கினார்கள். 11.48க்கு அங்கிருந்து எம்.ஐ.17 வி5 ஹெலிகாப்டர் கிளம்பியது. 12.15க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். மொத்தம் 27 நிமிடம். 12.08 அளவில் சூலூர் கட்டுப்பாட்டு அறைக்கு ஹெலிகாப்டருடனான தொடர்பு அறுந்தது. இந்த நேரக் கணக்கை மறுநாள் நாடாளுமன்றத்தில் சொன்னவர் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங்.

அந்த 27 நிமிடப் பயணத்துக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. சமவெளி வெக்கையில் செத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் குளிர்ந்த இடத்தில் வைத்துப் பிழைக்கவைக்க வேண்டும் என்பது கம்பெனியாரின் தீராத கவலை. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறிப் பார்த்தார். அதே காலத்தில் சேலம் கலெக்டராக வந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை நட்டுப் பார்த்தார். ஏற்காடு தோட்டக்காரர்களின் ஊராக நின்றுவிட்டது; பட்டாளம் நீலகிரிக்குப் போனது. 1850களில் குன்னூருக்கு மேலே ஜகதளா கிராமத்தருகே பெரிய படைமுகாம் எழுந்தது. பிறகு அதற்கு வெலிங்டன் பிரபுவின் பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது. சேலம், நாமக்கல் கிராமங்களில் ராணுவத்துக்குப் போன பையன்கள் பலருக்கும் வெலிங்டன் என்றால் விடியற்காலைக் குளிரில் பூட்ஸ் சத்தம்.

நாடு பிரிந்தபோது குவெட்டாவில் இருந்த படை அதிகாரிகள் கல்லூரி பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியா தனக்கென ஒரு பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியை வெலிங்டனில் அமைத்துக்கொண்டது. முப்படைகளிலும் மேலே வருகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே ஓராண்டு படித்தவர்கள். சாம் மானெக்‌ஷா இந்தக் கல்லூரியின் தளபதியாக இருந்தவர். ஓய்வுபெற்றதும் குன்னூரிலேயே வீடு கட்டிக்கொண்டு, 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் கண்மூடினார். ராவத்தும் இங்கே படித்தவர்தான். அன்று அவர் வந்தது மாணவ அதிகாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் உரை நிகழ்த்த.

ஆக, நாட்டின் மிக முக்கியமான படைக் கல்லூரி ஒரு மலைச்சரிவின் மேல் இருக்கிறது. ஆண்டு முழுக்க அங்கே தளபதிகள், அமைச்சர்கள், வெளிநாட்டுப் படைத் தலைவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். போக வழிகள் மூன்று. 1899இல் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை திறக்கப்பட்ட பல்சக்கர ரயில், பர்லியாறு வழியே வளைந்து ஏறும் மலைச்சாலை, ஹெலிகாப்டர். சாலையில் கோவையிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். ஹெலிகாப்டரில் அரை மணிக்கும் குறைவு. பெரிய மனிதர்களின் நாள் நிமிடக் கணக்கில் ஓடுவதால் மூன்றாவது வழியே வழக்கமாகிப்போனது.

அந்த வழியில் எப்படிப் போகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதையை நோக்கி விமானத்தைக் கைபிடித்து இறக்கும் வானொலிக் கருவிகள் இருக்கும். மேகத்துக்குள் எதுவும் தெரியாவிட்டாலும் விமானி முள்ளையும் திரையையும் பார்த்தே இறங்கிவிடலாம். மலைமேல் இருக்கும் ஹெலிபேடுகளுக்குப் பொதுவாக அந்த வசதி கிடையாது. ஒரு மைதானம், வட்டத்துக்குள் ஓர் எழுத்து, காற்றுப் பை. அங்கே கண்ணால் பார்த்துத்தான் போக வேண்டும். கண்ணுக்கு அடையாளம் வேண்டும் என்பதால் விமானிகள் ஆறு, சாலை, தண்டவாளம் என்று தரையில் கோடாக ஓடும் எதையாவது பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்கில் ஏறுவார்கள். நீலகிரிக்கு அந்தக் கோடு, வெள்ளைக்காரன் போட்ட மலை ரயில் பாதை. இது குறுக்கு வழியோ சோம்பேறித்தனமோ அல்ல. இந்தியாவில் ராணுவ ஹெலிகாப்டர் என்ற ஒன்று வந்த நாள் முதல் மலைகளில் இப்படித்தான் பறந்திருக்கிறார்கள். 1954இல் அமெரிக்க சிக்கார்ஸ்கி எஸ்-55 ரக எந்திரங்களோடு விமானப்படையின் முதல் ஹெலிகாப்டர் பிரிவு தொடங்கியது. பிறகு சோவியத் எம்.ஐ.4, பிரெஞ்சு வழிவந்த சேத்தக், சீட்டா, எழுபதுகளில் எம்.ஐ.8, எண்பதுகளில் எம்.ஐ.17. எந்திரங்கள் மாறின, பள்ளத்தாக்கில் ஆற்றைப் பிடித்துப் போகும் வழக்கம் மாறவில்லை. லடாக்கிலும் அருணாசலத்திலும் சிப்பாய்க்கு அரிசியும் மண்ணெண்ணெயும் போய்ச் சேர்ந்தது இந்த வழக்கத்தால்தான்.

அன்றைக்குப் பறந்தது பழைய வண்டியல்ல. ரஷ்யாவின் கசான் தொழிற்சாலையில் செய்யப்பட்ட எம்.ஐ.17 வி5 ரகத்தில் இந்தியா 2008இல் தொடங்கி மொத்தம் 151 வாங்கியது; 2016க்குள் எல்லாம் வந்துசேர்ந்தன. இரண்டு எஞ்சின், 13 டன் வரை மொத்த எடையோடு கிளம்பும் திறன், வானிலை ரேடார், தானியங்கிப் பறப்புக் கருவி எல்லாம் உண்டு. பிரதமரும் குடியரசுத் தலைவரும் பயணிக்கும் ரகம். ஓட்டியவர் சூலூரில் உள்ள 109ஆம் ஹெலிகாப்டர் பிரிவின் தலைவர் விங் கமாண்டர் பிருத்வி சிங் சௌஹான். உடன் ஸ்குவாட்ரன் லீடர் குல்தீப் சிங். மலையும் பாதையும் அவர்களுக்குப் புதிதல்ல. ராவத்துக்கும் ஹெலிகாப்டர் விபத்து புதிதல்ல: 2015 பிப்ரவரியில் நாகாலாந்தின் திமாபூரில் அவர் ஏறிய சீட்டா கிளம்பிய சில விநாடிகளில் விழுந்தது; சிறு காயங்களோடு பிழைத்தார்.

கடைசிக் கணங்களுக்கு ஒரு சாட்சி உண்டு. காட்டேரி அருகே மலை ரயில் தண்டவாளத்தில் நடந்துபோன சுற்றுலாப் பயணிகளில் ஒருவர் கைப்பேசியில் எடுத்த சில விநாடிப் படம். தாழப் பறந்துவரும் ஹெலிகாப்டர் முதலில் முழு உருவமாகத் தெரிகிறது. அடுத்த கணம் மூட்டத்துக்குள் நுழைகிறது. உருவம் போய் சத்தம் மட்டும் இருக்கிறது. பிறகு அந்தச் சத்தம் வேறு மாதிரி ஆகிறது. தண்டவாளத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்த்து என்ன ஆச்சு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கைப்பேசி பிறகு தடய அறிவியல் சோதனைக்குப் போனது.

விழுந்த இடம் காட்டேரியை ஒட்டிய நஞ்சப்பசத்திரம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் சின்னக் குடியிருப்பு. மரங்களில் மோதி எரிந்துகொண்டு விழுந்த ஹெலிகாப்டரை நோக்கி முதலில் ஓடியவர்கள் அவர்கள்தான். தீயணைப்பு வண்டி போக முடியாத சரிவு. வீட்டிலிருந்த குடங்களில் தண்ணீர் தூக்கிப்போய் ஊற்றினார்கள். காயம்பட்டவர்களைத் தூக்க ஸ்ட்ரெச்சர் இல்லை. போர்வையையும் பெட்ஷீட்டையும் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் வந்தவர்கள் யார் என்று அவர்களுக்கு அப்போது தெரியாது. பின்னர் தென்பாரத ராணுவப் பகுதியின் தலைமை அதிகாரி லெப்டினன்ட் ஜெனரல் அருண் அந்த ஊருக்கு வந்து நன்றி சொன்னார். ஓராண்டுக்கு ஊரை ராணுவம் தத்தெடுத்து மாதாமாதம் மருத்துவர்களை அனுப்பும் என்றார்.

ஏறியவர்கள் 14 பேர். அன்றே 13 பேர் இறந்தார்கள். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் கல்லூரியின் ஆசிரியர் குழுவில் இருந்தவர். தளபதியை எதிர்கொண்டு அழைத்துவரச் சூலூருக்குப் போயிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு நடுவானில் கோளாறான தேஜஸ் போர் விமானத்தைக் கைவிடாமல் இறக்கியதற்காகச் சௌர்ய சக்ரா பெற்றவர். ஒரு வாரம் போராடி டிசம்பர் 15இல் பெங்களூர் மருத்துவமனையில் இறந்தார். மற்றவர்களின் உடல்கள் மறுநாள் வெலிங்டனிலிருந்து சூலூருக்குச் சாலை வழியாகவே போயின. வழியெங்கும் மக்கள் ஆம்புலன்ஸ் வண்டிகள்மேல் பூத்தூவினார்கள்.

வதந்திக்குப் பஞ்சமில்லை. சதி, ஏவுகணை, அண்டை நாட்டு வேலை என்று வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு கதை. ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையில் முப்படை விசாரணைக் குழு அமைந்தது. அவரே தேர்ந்த ஹெலிகாப்டர் விமானி. 2022 ஜனவரி 14இல் முதற்கட்ட முடிவு வெளியானது. எந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. அதனால் விமானிக்குத் திசை, நிலை பற்றிய உணர்வு தடுமாறி, எந்திரம் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே மலையில் மோதியது.

கடைசி வரி கேட்பதற்கு வினோதமாக இருக்கும். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஹெலிகாப்டர் ஏன் மலையில் போய் மோத வேண்டும்? பதில் மனிதக் காதுக்குள் இருக்கிறது. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றில் திரவம். தலை திரும்பினால் திரவம் பின்தங்கி, நுண்ணிய மயிர்களை வளைத்து, மூளைக்குச் செய்தி அனுப்பும். ஆனால் ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால் சில விநாடிகளில் திரவமும் சேர்ந்து சுழல ஆரம்பிக்கும், செய்தி நின்றுவிடும். விநாடிக்கு ஒன்றிரண்டு டிகிரி என்று மெதுவாகச் சாய்ந்தால் காதுக்குத் தெரியவே தெரியாது. தரையில் இதைச் சரிசெய்வது கண். அடிவானமோ மரமோ தெரியும்வரை பிசகில்லை. வெண்மைக்குள் கண் பயனற்றுப்போனால், சாய்ந்துகொண்டிருப்பவன் நேராகப் போகிறோம் என்று மனதார நம்புவான். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பறப்புப் பயிற்சி இல்லாத 20 பேரைச் செயற்கை மேகத்துக்குள் ஓட்டவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி நேரம் 178 விநாடி. அது தானாக ஓரளவு நேராகிக்கொள்ளும் சிறு விமானம்; ஹெலிகாப்டருக்கு அந்தக் குணமும் கிடையாது.

சௌஹானும் குல்தீப் சிங்கும் அப்படிப்பட்ட பயிற்சியில்லாதவர்கள் அல்ல என்பதுதான் யோசிக்க வைக்கிறது. விமானப்படையில் கருவியைப் பார்த்துப் பறக்கும் திறனுக்கு உச்சத் தகுதி மாஸ்டர் கிரீன். அன்றைய விமானக் குழு முழுவதும் அந்தத் தகுதி பெற்றவர்கள் என்றும், அதனால் இனிப் பெரிய மனிதர்களை ஏற்றும்போது வேறு தகுதிநிலையில் உள்ளவர்களையும் கலந்து அனுப்பினால் தேவைப்படும்போது தரையிடம் உதவி கேட்பார்கள் என்று விசாரணைக் குழு பரிந்துரைத்ததாகவும் செய்தி நிறுவனங்கள் எழுதின. திறமைசாலிகள் மட்டும் ஒன்றாக உட்கார்ந்தால் ‘திரும்பிவிடலாமா’ என்று கேட்க ஆளில்லை என்பது அதன் பொருள். அறிக்கை முழுதாகப் பொதுமக்கள் கைக்கு வரவில்லை என்பதால் அதற்கு மேல் ஊகிப்பது நியாயமில்லை.

பிறகு விஷயம் மூன்று ஆண்டுகள் அமைதியாக இருந்தது. 2024 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையை அவையில் வைத்தபோது மீண்டும் தலைப்புச் செய்தியானது. 2017 முதல் 2022 வரை விமானப்படையில் நடந்த 34 விபத்துகளின் பட்டியல் அதில் இருந்தது. 8.12.2021, எம்.ஐ.17 என்ற வரிசைக்கு நேராகக் காரணம் என்ற கட்டத்தில், விமானக் குழுவின் மனிதத் தவறு என்றிருந்தது. அலட்சியம் இல்லை என்று 2022இல் சொன்னதும் மனிதத் தவறு என்று 2024இல் எழுதியதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. அட்டவணையில் எந்திரக் கோளாறு, பறவை மோதல், மனிதத் தவறு என்று இருக்கும் கட்டங்களில் மேகத்துக்குள் தடுமாறியதை வேறு எதில் போடுவது? ஆனாலும் பட்டியலைப் படித்தவர்கள் மனதில் பதிந்தது மேகமோ, மாறிய வானிலையோ அல்ல. இறந்துபோன விமானி, பதில் சொல்ல முடியாதவர், தவறு செய்தார் என்பதே. நான்கு சொற்களுக்குள் பள்ளத்தாக்கின் வானிலையைச் சொல்லும் கருவி இருந்ததா, பயணத்தைச் சாலைக்கு மாற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது, கல்லூரி அரங்கில் காத்திருந்தவர்களின் நேரம் யார் மனதில் எவ்வளவு அழுத்தியது என்ற கேள்விகள் அடங்காது.

பிரிட்டனுக்கும் இதே கதை உண்டு. 1994 ஜூன் 2 அன்று வட அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கிளம்பிய சினூக் ஹெலிகாப்டர் மல் ஆஃப் கின்டைர் முனையில் மூடுபனிக்குள் மலையில் மோதியது. உளவுத் துறையின் மூத்த அதிகாரிகள் உட்பட 29 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே இரண்டு ஏர் மார்ஷல்கள் இறந்த விமானிகள் இருவர் மீதும் கடும் அலட்சியம் என்று எழுதிவிட்டார்கள். இறந்தவர்கள் மீது அந்தக் குற்றத்தைச் சுமத்தச் சந்தேகத்துக்கு இம்மியும் இடமிருக்கக் கூடாது என்பது அந்த நாட்டு விமானப்படை விதி. குடும்பங்கள் விடவில்லை. பதினாறு ஆண்டுகள் அவர்கள் மன்றாடிய பிறகு, 2011இல் லார்ட் பிலிப் மறு ஆய்வின்படி அந்தத் தீர்ப்பு ரத்தானது. பாதுகாப்பு அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். என்ன நடந்தது என்பது அதற்குப் பிறகும் முழுதாக விளங்கவில்லை.

பதவியோ புகழோ அனுபவமோ மேகத்திடம் தோற்ற பட்டியல் நீளமானது. 2013 ஜூன் 25இல் கேதார்நாத் வெள்ளமீட்பில் இருந்த இதே எம்.ஐ.17 வி5 ரக ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் அருகே மோசமான வானிலையில் விழுந்து 20 பேர் மாண்டார்கள். அதில் ஏறியிருந்தவர்கள் மீட்புப் படையினரும் விமானப்படையினரும். 2009 செப்டம்பரில் ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி நல்லமலைக் காட்டின் மேல் மழை மேகத்துக்குள் மறைந்தார். 2024 மே மாதம் ஈரான் அதிபர் இப்ராஹிம் ரைசி மலைப் பனிமூட்டத்தில் இறந்தார். 2020இல் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் இறந்ததற்கும் விமானி மேகத்துக்குள் நிலை தடுமாறியதே காரணம் என்று அமெரிக்க விசாரணை சொன்னது.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தியாகவே இருந்ததில்லை. குஜ்ரால் அமைச்சரவையில் பாதுகாப்புத் துறை இணையமைச்சராக இருந்த என்.வி.என். சோமு, தி.மு.க. நிறுவனர்களில் ஒருவரான என்.வி. நடராசனின் மகன், 1997 நவம்பர் 14இல் அருணாசலத்தின் தவாங் மலைகளில் சீட்டா ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். மேஜர் ஜெனரல் ரமேஷ் நாக்பாலும் உடன் இறந்தார். 2023 மார்ச் 16இல் அதே அருணாசலத்தில் மண்டலா அருகே விழுந்த சீட்டாவில் தேனி மாவட்டம் ஜெயமங்கலத்தைச் சேர்ந்த மேஜர் ஜெயந்த் இருந்தார். தேடப் போனவர்களுக்கே ஐந்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத மூட்டம் அன்று.

ஒவ்வொரு விபத்துக்கும் பின் ஒரு விதி பிறக்கும். 1963 நவம்பர் 22இல் காஷ்மீரின் பூஞ்ச் அருகே தந்திக் கம்பியில் சிக்கிய ஹெலிகாப்டரில் இரண்டு லெப்டினன்ட் ஜெனரல்களும் ஓர் ஏர் வைஸ் மார்ஷலும் சேர்ந்து இறந்தார்கள். மூத்த தளபதிகள் ஒரே வண்டியில் போகக் கூடாது என்ற வழக்கம் அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். யார் யாரோடு போகக் கூடாது என்று விதி செய்வது எளிது. எந்த வானிலையில் போகக் கூடாது என்பதை, அதுவும் மேலே இருக்கிறவருக்குக் கீழே இருக்கிறவர் சொல்லும்படி விதி செய்வது கடினம். ராவத் போன பின் அந்தப் பதவிக்கு ஜெனரல் அனில் சௌஹான் வர ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனது.

சூலூர், சேலம், திருச்சி, ஓசூர் என்று 2019இல் தொடங்கப்பட்ட தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் இந்தச் சமவெளியையும் தொட்டுத்தான் போகிறது. சேலம் அதன் ஐந்து மையங்களில் ஒன்று, சூலூரைக் கொண்ட கோவை இன்னொன்று. வருங்காலத்தில் ஓமலூர் காமலாபுரம் விமான நிலையத்தில் வந்து இறங்கும் பெரிய மனிதர்கள் கூடுவார்களே தவிரக் குறைய மாட்டார்கள். அவர்களில் சிலர் மலைக்கும் போவார்கள்.

குன்னூர் விபத்துக்குப் பிறகு கொங்கு மண்ணில் நடந்த ஒரு சின்னச் சம்பவத்தையும் சொல்லலாம். 2023 ஜனவரி 25 காலை, வாழும் கலை அமைப்பின் ரவிசங்கர் பெங்களூரிலிருந்து காங்கயம் பக்கம் ஒரு கோயில் விழாவுக்கு ஹெலிகாப்டரில் வந்துகொண்டிருந்தார். சத்தியமங்கலம் மலைக்காட்டுக்கு மேல் மூட்டம் அடைத்துக்கொண்டது. விமானி மேலே போய்ப் பார்க்கவில்லை. கடம்பூர் பக்கத்து உக்கினியம் கிராமத்தில் திறந்தவெளி ஒன்றில் இறக்கிவிட்டார். ஊர் ஜனம் வேடிக்கை பார்க்கக் கூடியது. போலீசார் வந்து விசாரித்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வானம் வெளுத்தது, கிளம்பிப் போனார்கள். விழா கொஞ்சம் தாமதமாகியிருக்கும்.

உக்கினியத்தில் இறங்க வெட்டவெளி இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பர்லியாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவில் அப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் தேயிலைச் சரிவில் வரிசையாக சில்வர் ஓக் மரங்கள், குறுக்கே மின்கம்பிகள். அங்கே திரும்பும் முடிவை எடுக்க வேண்டியது மேகத்தைக் கண்ட பிறகு அல்ல; மேட்டுப்பாளையத்தைத் தாண்டுவதற்கு முன்பு, கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது. அந்த நேரத்தில் காட்டேரியில் என்ன நிலவரம் என்று கீழே இருப்பவருக்குச் சொல்ல ஒரு கேமராவும் ஒரு காற்றுமானியும் போதும். அவற்றின் விலை ஹெலிகாப்டரின் ஒரு விசிறித் தகட்டுக்குக் காணாது.